மேல்கைச் சொரசொரப்பு: தேய்த்தால் போகாது, ஊறவிட்டால் அடங்கும்

கேள்வி: எனக்கு வயது 24. இரண்டு மேல்கைகளின் வெளிப்பக்கத்திலும் தொடையிலும் குருணை ஒட்டியது போலச் சின்னச் சின்னப் பொரிகள் இருக்கின்றன. எட்டாம் வகுப்பு படிக்கும்போது ஆரம்பித்தது. அரிப்பும் இல்லை, வலியும் இல்லை, ஆனால் தடவிப் பார்த்தால் உப்புத்தாள் மாதிரி இருக்கிறது. தினமும் பீர்க்கங்காய் நாரும் நலங்கு மாவும் போட்டுத் தேய்க்கிறேன், இப்போது பொரியோடு கருப்புப் புள்ளிகளும் சேர்ந்துவிட்டன. மருந்துக் கடையில் கேட்டு ஒரு கிரீம் வாங்கிப் போட்டேன், இரண்டு வாரம் நன்றாக இருந்தது, விட்டதும் திரும்ப வந்துவிட்டது. இது சத்துக் குறைவா? தை மாதம் எனக்குக் கல்யாணம், இன்னும் மூன்று மாதம்தான் இருக்கிறது. அதற்குள் அடியோடு போக்க முடியுமா?

பதில்: முதலில் அந்தப் பீர்க்கங்காய் நாரைக் கீழே வையுங்கள். மற்றதை அப்புறம் பேசுவோம்.

தோலை நேரில் பார்க்காமல் எதையும் நூற்றுக்கு நூறு சொல்ல முடியாதுதான். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் இடம், ஆரம்பித்த வயது, அரிப்பில்லாத சொரசொரப்பு, எல்லாம் சேர்ந்து கெரட்டோசிஸ் பைலாரிஸ் என்ற ஒன்றைத்தான் காட்டுகின்றன. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். தோல் மருத்துவரிடம் வருகிறவர்களில், வேறு எதற்கோ வந்துவிட்டு எழுந்து போகும்போது கையைத் தூக்கிக் காட்டி, "டாக்டர், இது என்னன்னு பாருங்களேன்" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் காட்டுவது இதைத்தான். பெரியவர்களில் பத்தில் நான்கு பேருக்கும், வளரும் பருவத்தில் பாதிப் பேருக்கு மேலும் ஏதோ ஓர் அளவில் இது உண்டு என்றுதான் மருத்துவப் புத்தகங்களில் இருக்கிறது. தொற்றாது. உள்ளே எந்த உறுப்பையும் பாதிக்காது. புற்றுநோயாகவும் மாறாது.

நகமும் முடியும் எதனால் ஆனதோ அதே கெரட்டின் என்ற புரதம்தான் தோலின் மேலடுக்கிலும் இருக்கிறது, அது நமக்குத் தெரியாமலே தினமும் உதிர்ந்துகொண்டே இருக்கும். சிலருக்கு மயிர்க்காலின் வாயில் மட்டும் உதிராமல் தங்கி, தக்கை வைத்தது மாதிரி அடைத்துக்கொள்கிறது. டெர்மாஸ்கோப் என்று ஒரு சின்ன உருப்பெருக்கிக் கருவி இருக்கிறது. அதை ஒரு பொரியின் மேல் வைத்துப் பார்த்தால், அந்த வெள்ளைத் தக்கைக்கு அடியில் மெல்லிய முடி ஒன்று வெளியே வர வழியில்லாமல் கடிகாரத்துச் சுருள் மாதிரி வளைந்து கிடப்பது தெரியும். நான் அதைத் திரையில் காட்டிவிட்டுத்தான் பேசவே ஆரம்பிப்பேன். ஏனென்றால் வருகிறவர்களில் பாதிப் பேர் இதை அழுக்கு என்றே நம்பிக்கொண்டிருக்கிறார்கள், சரியாகக் குளிப்பதில்லை என்று வீட்டில் திட்டு வாங்கி வளர்ந்தவர்களும் அவர்களில் உண்டு.

இது அழுக்கே இல்லை. உங்கள் தோலின் வாகு அப்படி. குடும்பத்தில் ஓடும் விஷயம் இது, பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர ஏறக்குறைய பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. ஒரு முறை ஓர் அம்மா பெண்ணை அழைத்துக்கொண்டு வந்து, "எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது" என்று உறுதியாகச் சொன்னார். அவருடைய ரவிக்கைக் கையை இரண்டு விரல் மேலே ஏற்றிப் பார்த்தேன், அங்கேயும் அதே பொரிகள், வயதோடு மங்கிப்போய். இத்தனை வருடம் அவர் கவனிக்கவே இல்லை. நீங்களும் வீட்டில் கேட்டுப் பாருங்கள். வறண்ட தோல், சிறு வயதில் கரப்பான், ஆஸ்துமா, தும்மல் தொல்லை இருப்பவர்களுக்கு இது கொஞ்சம் கூடுதலாகவே வரும். உடல் எடை அதிகமானாலும் கூடும்.

சத்துக் குறைவா என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி, ஏனென்றால் பார்ப்பதற்கு இதேபோல இருக்கும் இன்னொன்று நம் ஊரில் உண்டு. அதற்கு ஃபிரைனோடெர்மா என்று பெயர், கிரேக்க மொழியில் 'தேரைத் தோல்' என்று பொருள். சாப்பாட்டில் வைட்டமின் ஏ, பி வகைகள், நல்ல கொழுப்பு இவற்றில் குறை வரும்போது, முக்கியமாகப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வரும். ஆனால் அது முதலில் பிடிக்கும் இடம் முழங்கையும் முழங்காலும்தான், பொரியும் பெரிதாக, முள் மாதிரி குத்தும். உங்களுக்கு அந்த இடங்கள் தப்பித்திருப்பதால் சத்து மாத்திரை தேவையில்லை. யாரோ சொன்னார்கள் என்று வைட்டமின் ஏ மாத்திரையை மட்டும் வாங்கி விழுங்காதீர்கள். அது உடம்பில் சேர்ந்துபோகும், அளவு மீறினால் கல்லீரலுக்குக் கெடுதல், கர்ப்ப காலத்தில் குழந்தைக்கே ஊனம் வரலாம்.

இப்போது அந்தக் கடைக் கிரீம். நீங்கள் பெயர் எழுதவில்லை, ஆனால் இரண்டு வாரத்தில் மாயமாகி, விட்டதும் திரும்பி வந்தது என்றால் அதில் ஸ்டீராய்டு இருந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. டியூபை எடுத்துப் பாருங்கள், பீட்டாமெத்தசோன், குளோபீட்டசால், மொமெட்டசோன் என்று ஏதாவது இருக்கிறதா? ஸ்டீராய்டு சிவப்பைத்தான் அடக்கும், தக்கையைக் கரைக்காது. மாதக்கணக்கில் போட்டால் தோல் காகிதம் மாதிரி மெலியும், நரம்பு தெரியும், பிரசவத் தழும்பு போல வரிவரியாகக் கோடு விழும், அந்தக் கோடு பிறகு போகாது. தோலில் பூசும் ஸ்டீராய்டுகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு விதியைத் திருத்தியிருக்கிறது, இருந்தும் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கிறார்கள். இது எனக்கு உண்மையிலேயே ஆற்றாமையாக இருக்கிறது, ஏனென்றால் பொரியோடு வந்த பெண்கள் ஆறு மாதம் கழித்து ஆறாத கோடுகளோடு வருவதைப் பார்க்கிறேன்.

சரி, வைத்தியத்துக்கு வருவோம். தக்கையைப் பிய்த்து எடுக்கக்கூடாது, ஊறவைத்து இளக்க வேண்டும். காய்ந்து இறுகிப்போன சோற்றுப் பானையைச் சுரண்டினால் பானைதான் கீறும், தண்ணீர் ஊற்றி வைத்தால் தானாக விடும் இல்லையா, அதே கணக்கு. நார், பியூமிஸ் கல், சர்க்கரை ஸ்கரப், கொரகொரப்பாக அரைத்த மாவு எதுவாக இருந்தாலும் மயிர்க்காலைச் சுற்றிப் புண்ணாக்கும். வெள்ளைத் தோலில் அந்தப் புண் சிவப்பாகத் தெரிந்து மறைந்துவிடும், நம் மாநிறத் தோலில் கருப்புப் புள்ளியாகத் தங்கி மாதக்கணக்கில் இருக்கும். உங்கள் கையில் வந்திருக்கும் கருப்பு அப்படி வந்ததுதான். பொரியைக் கிள்ளிப் பிதுக்குவதும் வேண்டாம்.

குளியல் வெதுவெதுப்பான தண்ணீரில், பத்து நிமிடத்துக்குள் முடியட்டும். நுரை பொங்கும் சோப்பை அக்குளுக்கும் தொடை இடுக்குக்கும் மட்டும் வைத்துக்கொண்டு, கைக்கு மென்மையான, சோப்பு சேராத கிளென்சர் போதும். துண்டால் ஒற்றி எடுங்கள், ஈரம் முழுதாகக் காயும் முன்பே, மூன்று நிமிடத்துக்குள், கிரீம் போட்டுவிட வேண்டும். இந்த மூன்று நிமிடத்தைத்தான் எல்லோரும் தவற விடுகிறார்கள். கிரீம் டப்பாவைக் குளியலறையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், அறைக்குப் போய்ப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தால் மறந்துவிடும்.

எந்த கிரீம்? யூரியா 10 சதவீதம் உள்ளதில் ஆரம்பியுங்கள். உடனே, வயலுக்குப் போடுகிற யூரியாவா என்று கேட்பார்கள். வேதிப்பொருள் அதுதான், ஆனால் மருந்துத் தரத்தில் தயாரித்தது, நம் தோலிலேயே இயற்கையாகக் கொஞ்சம் யூரியா இருக்கிறது. அது ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், இறுகிய கெரட்டினையும் இளக்கும். காலையில் ஒரு முறை, இரவில் ஒரு முறை. இரண்டு மூன்று வாரத்தில் தோல் பழகிய பிறகு 20 சதவீதத்துக்குப் போகலாம், அல்லது லாக்டிக் அமிலம் (அமோனியம் லாக்டேட் என்று எழுதியிருக்கும்) 12 சதவீதம் உள்ள லோஷனை இரவுக்கு வைத்துக்கொள்ளலாம். புதிதாகச் சவரம் செய்த இடத்திலும் கீறலிலும் பட்டால் சுரீரென்று எரியும், அங்கே ஒரு நாள் விட்டுவிடுங்கள். லாக்டிக் அமிலம்தானே, தயிரைப் பூசலாமே என்று தோன்றும், ஆனால் தயிரில் இருப்பது மிகக் குறைவு, தக்கை கரைய அது போதாது. எலுமிச்சைச் சாறு மட்டும் கூடவே கூடாது, அதைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து கருத்துவிடும். தேங்காய் எண்ணெய் நல்லதுதான், வறட்சியைத் தடுக்கும், பொரியை மட்டும் அது தனியாகக் கரைக்காது.

இதில் ஆறு வாரத்தில் போதிய பலன் இல்லை என்றால், மருத்துவரைப் பார்த்துவிட்டு அடாபலீன் (பருவுக்குக் கொடுக்கும், வைட்டமின் ஏ குடும்பத்து மருந்து) 0.1 சதவீத ஜெல்லை வாரத்தில் இரண்டு மூன்று இரவு மட்டும், பட்டாணி அளவு எடுத்துப் பூசலாம். முதலில் தோல் உரியும், லேசாகச் சிவக்கும். அமிலக் கிரீமையும் இதையும் ஒரே இரவில் போடாதீர்கள், முறை வைத்துக்கொள்ளுங்கள். பகலில் கை வெளியே தெரிந்தால் சன்ஸ்கிரீன் அவசியம், இல்லாவிட்டால் கருப்புப் புள்ளி மறையவே மறையாது.

லேசர் பற்றிக் கேட்க நினைத்திருப்பீர்கள். முடி நீக்கும் லேசர் சிலருக்குப் பொரியையும் குறைக்கிறது, சுருண்டு கிடக்கும் முடியே இல்லாமல் போவதால். ஆனால் ஒரு மாதத்துக்கு மேல் இடைவெளி விட்டுப் பல முறை செய்ய வேண்டும், மாநிறத் தோலில் கை தேர்ந்தவர் செய்யாவிட்டால் சூடுபட்டுக் கருக்கும். கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருக்கும்போது அந்தப் பரீட்சை வேண்டாம்.

கல்யாணக் கணக்கைப் பார்ப்போம். இதில் ஒரு சின்னச் சிக்கல் இருக்கிறது: இந்தப் பொரி சித்திரை, வைகாசியில் வேர்வையும் ஈரமுமாக இருக்கும்போது அடங்கும், மார்கழிக் குளிரில்தான் தலை தூக்கும். உங்கள் தேதி மார்கழியைத் தாண்டி உடனே வருகிறது. அதனால் இன்றைக்கே ஆரம்பித்துவிடுங்கள், மார்கழியில் கிரீமைத் தாராளமாகப் போடுங்கள், ஏசி அறையில் தூங்குபவர் என்றால் இன்னும் தாராளமாக. சொரசொரப்பு குறைவது விரலுக்கு நான்கு முதல் ஆறு வாரத்தில் தெரியும், கண்ணுக்குத் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும், கருப்புப் புள்ளி அதற்கும் பின்னால்தான் மங்கும். அடியோடு போகாது, அதை நேராகவே சொல்லிவிடுகிறேன், ஆனால் தொட்டால் வழவழப்பாகவும் இரண்டடி தள்ளி நின்று பார்ப்பவருக்குத் தெரியாமலும் ஆக்குவது நடக்கக்கூடிய காரியம். கடைசி இரண்டு வாரத்தில் புதிதாக எதையும் முயற்சி செய்யாதீர்கள். கையில் வாக்ஸிங் செய்வதாக இருந்தால் அதற்கு இரண்டு வாரம் முன்பே அடாபலீனை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் மெழுகோடு தோலும் சேர்ந்து வந்துவிடும். நலங்கு வைக்கும்போது அத்தைமார்களிடம் சொல்லிவிடுங்கள், சந்தனமும் மஞ்சளும் பூசட்டும், தேய்க்க வேண்டாம்.

ரவிக்கைக் கையின் நீளம் பற்றி ஒரு வார்த்தை. இதற்காகக் கோடையிலும் முழுக்கை அணிந்து, தோழிகளோடு கடற்கரைக்குப் போவதையே விட்டவர்களை எனக்குத் தெரியும். இறுக்கமான, வழவழத்த செயற்கைத் துணி உரசி உரசி அந்தப் பொரியை இன்னும் கூட்டத்தான் செய்யும், மெல்லிய பருத்திதான் அதற்கு இதம். உங்களுக்குக் குட்டைக் கை பிடிக்கும் என்றால் அப்படியே தைக்கச் சொல்லுங்கள்.

இவற்றில் எதுவாவது இருந்தால் கடிதம் எழுதிக்கொண்டிருக்காமல் நேரில் போய்க் காட்டுங்கள்: பொரியில் சீழ், அடக்க முடியாத அரிப்பு, தொட்டால் வலி, முழங்கை முழங்காலுக்குப் பரவுவது, பொரி வந்த இடத்தில் முடி கொட்டி வழவழப்பாவது, முக்கியமாகப் புருவத்தின் வெளி ஓரத்தில் முடி குறைவது. சின்னக் குழந்தைகளின் கன்னத்தில் இதே பொரி சிவந்து தெரியும், அதைப் பரு என்று நினைத்து வீட்டில் இருக்கும் பருக் கிரீமைப் பூசிவிடாதீர்கள்.

கல்யாணம் முடிந்தது என்று கிரீமை அலமாரியில் தள்ளிவிட்டால் சில வாரத்தில் எல்லாம் பழையபடி வந்துவிடும். வழவழப்பான பிறகு வாரத்தில் இரண்டு மூன்று நாள் போட்டால் போதும், ஆனால் விடக்கூடாது. முப்பது வயதைத் தாண்டும்போது பலருக்குத் தானாகவே குறைகிறது. குழந்தைக்குத் திட்டமிட ஆரம்பிக்கும் மாதமே அடாபலீனை நிறுத்திவிடுங்கள், இதே தக்கையை இளக்க விற்கும், அதிகச் செறிவுள்ள சாலிசிலிக் அமிலக் கிரீமை உடம்பெல்லாம் பூசுவதும் அப்போது வேண்டாம். யூரியா 10 சதவீதத்தைக் கர்ப்ப காலத்திலும் தொடரலாம், உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு.