"அரசு அங்கீகாரம் பெற்ற" அக்குபங்சர் டிப்ளமாவில் மகளைச் சேர்க்கலாமா?

பிளஸ் டூ முடித்த மகளை ஓராண்டு அக்குபங்சர் (உடலில் மெல்லிய ஊசி குத்திச் செய்யும் சிகிச்சை), மூலிகை மருத்துவ டிப்ளமாவில் சேர்க்கலாமா, "மத்திய அரசு அங்கீகாரம் உண்டு" என்று நிறுவனத்தில் சொல்கிறார்களே என்று கேட்டிருக்கிறீர்கள். பணம் கட்டும் முன்பே கேட்டது நல்லதாயிற்று.

அவர்கள் சொல்வது முழுப் பொய் இல்லை, ஆனால் அது உங்கள் மகளுக்குக் கிடைக்கப்போகும் சான்றிதழைப் பற்றியது இல்லை. மத்திய சுகாதார அமைச்சகம் 25.11.2003 தேதியிட்ட ஆணையில் அக்குபங்சரை ஒரு சிகிச்சை முறையாக ஏற்றது. பதிவுபெற்ற மருத்துவர்களோ, முறையான பயிற்சி பெற்றவர்களோ அதைச் செய்யலாம் என்றது. தனி மருத்துவ முறையாக அங்கீகரிக்கப்படாதவற்றில் முழுநேரப் பட்டப்படிப்பு நடத்தக் கூடாது, அவற்றைச் செய்பவர்கள் 'டாக்டர்' என்று போட்டுக்கொள்ளக் கூடாது என்பதும் அதே ஆணையில்தான் இருக்கிறது. விளம்பரங்களில் முதல் பாதி மட்டும்தான் வரும். 2019 பிப்ரவரியில் வந்த ஆணை அக்குபங்சரின் நிலையை உயர்த்தியது உண்மை. அதுவும் சிகிச்சைக்குக் கிடைத்த அங்கீகாரமே தவிர, ஊர் ஊராக நடக்கும் டிப்ளமாக்களுக்குக் கிடைத்ததல்ல.

மேற்கு வங்கம் 1996இலேயே அக்குபங்சருக்குத் தனிச் சட்டம் கொண்டுவந்தது. பிறகு மகாராஷ்டிராவும் சட்டம் இயற்றி, சிகிச்சையாளர்களைப் பதிவுசெய்யும் கவுன்சில் அமைத்தது. தமிழ்நாட்டில் அப்படியொரு சட்டமோ பதிவேடோ இல்லை. ஆகவே நிறுவனத்தில் ஒரே கேள்வி கேளுங்கள்: "படித்து முடித்தால் என் மகளின் பெயர் எந்தக் கவுன்சிலின் பதிவேட்டில் ஏறும்?" பதிலுக்குச் சங்கப் பதிவுச் சான்றிதழ், எம்எஸ்எம்இ எனும் சிறுதொழில் பதிவு, ஐஎஸ்ஓ எனும் தரச் சான்றிதழ் என்று காட்டினால் ஏமாறாதீர்கள். நிறுவனம் பதிவாகியிருக்கிறது என்பதைத்தான் அவை சொல்கின்றன. அவற்றை வைத்துச் சிகிச்சை செய்யும் உரிமை யாருக்கும் வராது.

பயிற்சி போதுமா என்பதை நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மருத்துவம் படிக்காத ஒருவர் அக்குபங்சர் சிகிச்சையாளர் ஆக 2,500 மணி நேரப் பயிற்சி தேவை, அதில் குறைந்தது 1,000 மணி நேரம் செய்முறையாக இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட வழிகாட்டுதல். ஞாயிறுதோறும் 6 மணி நேரம், ஓராண்டு முழுவதும் வகுப்பு நடந்தாலும் 312 மணி நேரம்தான் வரும். இதில் அலட்சியம் கூடாது. கழுத்துக்கும் தோள்முனைக்கும் நடுவில், தோளின் மேட்டில் ஒரு புள்ளி இருக்கிறது. தோள்வலிக்கு அடிக்கடி ஊசி போடும் இடம் அது. அதற்குக் கீழேதான் நுரையீரலின் உச்சி. ஒல்லியான ஒருவருக்கு ஊசி கொஞ்சம் ஆழமாகப் போனாலும் நுரையீரலில் ஓட்டை விழுந்து, நெஞ்சறைக்குள் காற்று புகுந்துவிடும். சில மணி நேரம் கழித்து மூச்சுத் திணறல் வரும்போது அதை அடையாளம் கண்டுகொள்ள உடற்கூறியல் தெரிந்திருக்க வேண்டும். உடற்கூறியலுக்கு எத்தனை மணி நேரம், ஊசிகளை ஒருமுறைதான் பயன்படுத்துகிறார்களா, ஆசிரியர் பக்கத்தில் நிற்க நோயாளிக்கு ஊசி போட விடுகிறார்களா என்று கேளுங்கள்.

மூலிகைப் பக்கம் சட்டம் இன்னும் கறாரானது. பரம்பரை வைத்தியராகவே இருந்தாலும், உரிய தகுதியும் பதிவும் இல்லாமல் மருத்துவம் பார்க்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2018இல் கேரள வழக்கொன்றில் சொல்லிவிட்டது. சூரணமோ தைலமோ தயாரித்து விற்க, 1940ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுசாதனப் பொருட்கள் சட்டப்படி உரிமம் வேண்டும். டிப்ளமா முடித்துவிட்டு வீட்டிலேயே மருந்து காய்ச்சி விற்கலாம் என்று யாராவது ஆசை காட்டினால் நம்பாதீர்கள்.

மகளுக்கு இந்தத் துறையில் உண்மையிலேயே ஆர்வம் இருந்தால் நேரான வழி பிஎஸ்எம்எஸ் எனும் சித்த மருத்துவப் பட்டப்படிப்பு. நாலரை ஆண்டு படிப்பு, ஓராண்டு உள்ளுறைப் பயிற்சி. பாளையங்கோட்டையிலும் சென்னை அரும்பாக்கத்திலும் அரசுக் கல்லூரிகள் இருக்கின்றன. நீட் தேர்வில் தகுதி பெற வேண்டும். தனியார் கல்லூரி என்றால், இந்திய மருத்துவ முறைக்கான தேசிய ஆணையத்தின் இணையதளத்தில் இந்த ஆண்டு அனுமதிப் பட்டியலில் பெயர் இருக்கிறதா, எத்தனை இடம் என்று பாருங்கள். போன ஆண்டு அனுமதியைக் காட்டினால் ஏற்காதீர்கள். முடித்ததும் சித்த மருத்துவக் கவுன்சிலில் பதிவாகும், உதவி சித்த மருத்துவ அலுவலர் பணிக்கு விண்ணப்பிக்கலாம்.

அக்குபங்சர்தான் பிடிக்கும் என்றால் பிஎன்ஒய்எஸ் எனும் யோகா, இயற்கை மருத்துவப் பட்டப்படிப்பைப் பாருங்கள். அதுவும் ஐந்தரை ஆண்டுதான், பாடத்திட்டத்திலேயே அக்குபங்சர் உண்டு. தமிழ்நாட்டில் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே இதற்குச் சேர்க்கை நடந்துவந்திருக்கிறது; இந்த ஆண்டு அறிவிப்பையும் ஒருமுறை சரிபாருங்கள். ஓராண்டு டிப்ளமாவை இந்தப் பட்டங்களில் ஒன்றை முடித்த பிறகு, கூடுதல் திறனாகச் சேர்த்துக்கொள்ளலாம். அப்போது அதற்கு மதிப்பு உண்டு.

இதற்கிடையில் டிப்ளமா நிறுவனம் அசல் மதிப்பெண் பட்டியலையும் மாற்றுச் சான்றிதழையும் கேட்டால் கொடுக்காதீர்கள், நகல் போதும். பட்டப்படிப்புக்கான கலந்தாய்வுக்கு அழைக்கும்போது அசல் கையில் இல்லாவிட்டால் கிடைத்த இடமும் போய்விடும்.