கையெழுத்து வாங்கினால் ஒப்புதலாகிவிடுமா? மும்பைக் கள ஆய்வாளர்களின் கேள்விகள்

கேள்வி: தாராவியில் 90 அடி சாலையை ஒட்டிய சந்துகளில், திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து குடியேறிய குடும்பங்களைப் பேட்டி காண்கிறேன். மணிக்கணக்கில் பேசும் பெண்கள், ஒப்புதல் படிவத்தை நீட்டியதும் பின்வாங்கிவிடுகிறார்கள். என்ன செய்வது?

பதில்: அவர்களுடைய பயம் உங்களைப் பற்றியதல்ல, அந்தக் காகிதத்தைப் பற்றியது. குடிசை மறுவாழ்வுத் திட்டத்தில் இலவச வீடு பெற, 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே அந்தக் குடிசை இருந்ததென்று நிறுவியாக வேண்டும் என்ற நிலையில் பல ஆண்டுகள் வாழ்ந்தவர்களுக்கு, பெயர் கேட்டுக் கையெழுத்து வாங்குகிற எவரும் 'சர்வேக்காரர்'தான். ஒருமுறை நான் களத்துக்குச் சென்றிருந்தபோது, ஓர் அம்மா எங்கள் படிவத்தைத் திருப்பி, வெறுமையாக இருந்த பின்பக்கத்தைக் காட்டி, "இதுல அப்புறம் என்ன எழுதுவீங்க?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. மறுவாரமே, எழுதாத பகுதிகளை அவர்கள் கண் முன்னாலேயே கோடிட்டு அடிக்கத் தொடங்கினோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள் உடல்நலம் சார்ந்த ஆய்வுகளுக்கானவை என்றாலும், ஆய்வு முறையாக நடக்கிறதா என்று பரிசீலிக்கும் நெறிக்குழுவின் இசைவோடு வாய்மொழி ஒப்புதல் பெறவும், எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு நடுநிலைச் சாட்சியை வைத்துக்கொள்ளவும் அவற்றில் இடமுண்டு. வாய்மொழி ஒப்புதலுக்கு நெறிக்குழுவிடம் இப்போதே விண்ணப்பியுங்கள். இந்த ஆய்வால் வீடு கிடைக்கவும் செய்யாது, கைவிட்டுப் போகவும் செய்யாது என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

கேள்வி: குடியிருப்புச் சங்கத் தலைவர் சம்மதித்துவிட்டார். அது போதாதா?

பதில்: போதாது. அவர் தந்தது சந்துக்குள் நுழைய அனுமதி மட்டுமே. அவர் உடன் நிற்கையில் யாரும் 'மாட்டேன்' என்று சொல்ல முடியாது. வேறொரு நாள் தனியாகச் செல்லுங்கள்.

கேள்வி: பெயரை மாற்றிவிட்டால் அடையாளம் மறைந்துவிடுமல்லவா?

பதில்: 'கணவரை இழந்து, இட்லி வியாபாரத்தில் மூன்று மகள்களைப் படிக்க வைத்தவர்' என்று எழுதினால், அந்தச் சந்தில் பெயரே தேவையில்லை. ஊர், தொழில், பிள்ளைகளின் எண்ணிக்கை ஆகியவற்றில் எதை மாற்றலாம் என்று அவரிடமே வாசித்துக் காட்டிக் கேளுங்கள். சிலர் தம் உண்மைப் பெயரே வரவேண்டும் என்பார்கள், அதையும் நாம் எளிதில் மறுத்துவிடக் கூடாது.

கேள்வி: எட்டு மாதங்களுக்குப் பின் ஒருவர் தம் பேட்டியை அழிக்கச் சொல்கிறார். சட்டப்படி அழிக்க வேண்டுமா?

பதில்: 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வகுக்கப்பட்ட தரநிலைகளைப் பின்பற்றும் ஆய்வுகளுக்கு விலக்களிக்கிறது. ஆயினும் அந்த விலக்கைக் காட்டி அவருடைய வாயை அடைப்பது முறையல்ல. அச்சேறாத பகுதியை நீக்குங்கள். எந்தத் தேதிக்குப் பின் நீக்க இயலாது என்பதை, இனிமேலாவது பேட்டிக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: பதினைந்து வயதுப் பெண்ணிடம் 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று உறுதியளிக்கலாமா?

பதில்: கூடாது. அவள் தன்மீது நடந்த பாலியல் குற்றத்தைச் சொன்னால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி நீங்கள் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். பெற்றோரின் ஒப்புதலோடு அவளுடைய இசைவையும் கேட்கும்போது, ஒலிப்பதிவுக் கருவியை இயக்குவதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுங்கள். எதைச் சொல்வது, எதை விடுவது என்பதை அதற்குப் பிறகு அவள் முடிவு செய்துகொள்வாள்.