மூன்று அப்பாக்கள், ஒரு அடுக்குமாடி: கேட்டதும் சொன்னதும்

கோலாலம்பூர் செந்தூலில் ஒரே அடுக்குமாடியில் குடியிருக்கும் மூன்று இளம் அப்பாக்களை வைத்து அரை மணி நேர நகைச்சுவைத் தொடர் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று போன வாரம் வாய்விட்டேன். கேள்விகள் குவிந்துவிட்டன. பதினைந்து வருடமாகத் தொலைக்காட்சிக்கு எழுதுகிறேன், வீட்டில் இரண்டு பிள்ளைகள். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். தொடரின் பெயரை மட்டும் கேட்காதீர்கள், இன்னும் முடிவாகவில்லை.

பிரிக்பீல்ட்ஸ் ரசிகன்: அண்ணே, அமெரிக்காக்காரன் இதையே எடுத்து ஓடாமல் போனதே?

'கைஸ் வித் கிட்ஸ்' தானே? ஆமாம் தம்பி. 2012 செப்டம்பரில் என்பிசி தொலைக்காட்சியில் தொடங்கி, 17 அத்தியாயத்தோடு மூட்டை கட்டினார்கள். உருவாக்கியவர்களில் நகைச்சுவைக் கலைஞர் ஜிம்மி ஃபாலனும் ஒருவர். விவாகரத்தான அப்பா, வேலைக்குப் போகும் அப்பா, நான்கு பையன்களோடு வீட்டிலேயே இருக்கும் அப்பா என்று மூன்று பேர். ஆட்கள் தேர்வில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆம்பளை நெஞ்சில் குழந்தையைக் கட்டிக்கொண்டு நிற்பதே சிரிப்பு என்று நம்பிவிட்டார்கள். அந்தச் சிரிப்புக்கு ஆயுள் மூன்று வாரம்.

அதற்கு இரண்டு வருடம் முன்னால் வந்த 'ரெய்சிங் ஹோப்' நான்கு பருவம் ஓடியது. அதில் 23 வயது அப்பாவைச் சுற்றி அவனுடைய அம்மா, அப்பா, நினைவு தப்பிய கொள்ளுப்பாட்டி என்று ஒரு கூட்டமே இருந்தது. குழந்தை வளர்ப்பில் சிரிப்பு அப்பாவின் தடுமாறும் கையில் இல்லை, அவன் தலைக்கு மேல் நின்று யோசனை சொல்கிறவர்களிடம் இருக்கிறது. அந்தக் கூட்டத்துக்கு நம் வீட்டில் பஞ்சமா?

கிள்ளான் மருமகள்: கைக்குழந்தையை வைத்து எப்படிப் படம் பிடிப்பீர்கள்? பாவமாக இருக்காதா?

இருக்கும், அதனால்தான் சட்டம் இருக்கிறது. கலிபோர்னியாவில் பிறந்து 15 நாள் ஆகாத குழந்தையைத் தளத்துக்குக் கொண்டுவரவே கூடாது. ஆறு மாதம் வரை 2 மணி நேரம்தான் அங்கே இருக்கலாம், அதிலும் கேமரா முன்னால் 20 நிமிடம்தான். அதனால் இரட்டையராகப் பார்த்து மாற்றி மாற்றி நடிக்க வைப்பார்கள். 'ஃபுல் ஹவுஸ்' தொடரில் ஓல்சன் சகோதரிகள் இரண்டு பேரும் ஒரே குழந்தையாக வந்தது அப்படித்தான். இங்கே மலேசியாவில் 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி பிள்ளைகளை நடிக்க வைக்க உரிமம் எடுக்க வேண்டும்.

தொழில் ரகசியம் ஒன்று சொல்கிறேன் தங்கச்சி. பாதிக் காட்சிகளில் அப்பாவின் தோளில் கிடப்பது போர்வை சுற்றிய பொம்மை. அழுகைச் சத்தத்தைப் பிறகு சேர்த்துக்கொள்வோம்.

ஷா ஆலம் இன்ஜினியர்: அடுத்த மாதம் எனக்குக் குழந்தை, அண்ணே. அப்பாவுக்கு லீவு உண்டாமே, அதெல்லாம் கதையில் வருமா?

முதல் அத்தியாயமே அதுதான்! வேலைவாய்ப்புச் சட்டத் திருத்தப்படி 2023 ஜனவரி 1 முதல் மணமான ஆண் ஊழியருக்குச் சம்பளத்தோடு 7 நாள் தந்தையர் விடுப்பு உண்டு. அதே முதலாளியிடம் குறைந்தது 12 மாதம் வேலை செய்திருக்க வேண்டும். பிரசவத் தேதிக்கு 30 நாள் முன்னால் சொல்லிவிட வேண்டும், அதனால் நீங்கள் நாளைக்கே மேலாளரைப் பாருங்கள். ஐந்து பிரசவம் வரைக்கும்தான் கிடைக்கும் (அதற்கு மேல் திட்டம் இருந்தால் தனியாகப் பேசுவோம்). அம்மாவின் விடுப்பும் அதே திருத்தத்தில் 60-லிருந்து 98 நாளானது.

கதைக்கு எனக்குக் கிடைத்தது, அந்த 7 நாளைப் பற்றிச் சட்டம் சொல்லும் 'தொடர்ச்சியாக' என்ற ஒரு சொல். சனி ஞாயிறும் அந்த ஏழில் போய்விடும். முதல் இரண்டு நாள் மருத்துவமனை நாற்காலியில் கழியும். அப்புறம் மஞ்சள் காமாலை பார்க்கக் கிளினிக்குக்கு நடை. குதிகாலில் குத்தி ரத்தம் எடுக்கும்போது குழந்தையை விட அப்பாதான் அதிகம் அழுவார். வீட்டுக்கு வந்தால் மாமியார் பத்தியச் சமையலுக்குப் பூண்டு உரிக்கச் சொல்வார். பிள்ளையை ஆசை தீரத் தூக்கலாம் என்று நினைக்கும்போது எட்டாவது நாள் விடிந்திருக்கும். இதில் நான் சேர்த்த நகைச்சுவை எதுவும் இல்லை, எனக்கு நடந்ததில் பாதி இது.

அம்பாங் அப்பா: என்ன தமிழில் பேசுவார்கள்?

நீங்களும் நானும் பேசுகிற தமிழில். மனைவியிடம் தமிழ், தாஸ்கா (குழந்தைக் காப்பகம்) டீச்சரிடம் மலாய், மேலாளரிடம் ஆங்கிலம், குழந்தையிடம் எந்த மொழியிலும் சேராத ஒன்று. இதை ஒரே மொழியாக்கினால் பாத்திரம் செத்துவிடும்.

பழைய ரசிகை, ஈப்போ: பத்துமலைக் காட்சி இருக்கிறதா?

இல்லாமலா அக்கா! தைப்பூசத்தில் கரும்புத் தொட்டில் எடுக்கும் அத்தியாயம் எழுதிவிட்டேன். முதுகு வலியால் மனைவி ஒதுங்கிக்கொள்ள, கரும்பின் முன்முனை அப்பாவின் தோளில், பின்முனை மைத்துனன் தோளில். அப்பா ஆறடி, மைத்துனன் ஐந்தடி. சமதரையிலேயே தொட்டில் பின்பக்கம் சாய்கிறது. 272 படியில் ஏறத் தொடங்கினால் கேட்கவே வேண்டாம். குழந்தை மைத்துனன் மூக்கருகில் வந்து சிரிக்கிறது. ஒவ்வொரு இருபது படிக்கும் இடம் மாற்றச் சொல்லி ஒரு பாட்டி அதட்டுகிறார், யார் பாட்டி என்று யாருக்கும் தெரியாது. எழுதும்போது நானே சிரித்த காட்சி இது ஒன்றுதான். நிஜக் கூட்டத்தில் எடுக்க முடியாது, சாதாரண நாளில் காலை வெயிலுக்கு முன்னால் எடுக்க வேண்டும்.

செந்தூல் பையன்: பின்னணிச் சிரிப்பு போடுவீர்களா?

மாட்டேன். 1951-இல் அமெரிக்கத் தொடர் 'ஐ லவ் லூசி' நிஜப் பார்வையாளர்களை உட்கார வைத்துப் படம் பிடித்தது, அது வேறு விஷயம். பதிவு செய்த சிரிப்பைப் பொத்தானில் தட்டும் இயந்திரத்தை ஒலிப்பொறியாளர் சார்லஸ் டக்லஸ் செய்த பிறகுதான் தொல்லை தொடங்கியது. நம் வீட்டு ஹாலில் "என்ன சொன்னான்? என்ன சொன்னான்?" என்று கேட்க ஒருவர் எப்போதும் உண்டு. அதற்கு மேல் சிரிப்பொலியும் சேர்ந்தால் வசனம் யார் காதில் விழும்?

பெயர் வேண்டாம்: அப்பாக்களைக் கேலி செய்கிறீர்கள் என்கிறார் என் கணவர்.

பேம்பர்ஸ் மாற்றத் தெரியாத அப்பா என் கதையில் கிடையாது என்று சொல்லுங்கள். மூன்று பேருக்கும் நன்றாகத் தெரியும். மாற்ற இடம்தான் கிடைக்காது. ஒரு பேரங்காடியில் குழந்தைக்கு உடை மாற்றும் மேசை பெண்கள் கழிப்பறைக்குள் இருந்தது. நான் மகளோடு கார் பின்சீட்டுக்கு ஓடினேன். அந்த ஓட்டம் அப்படியே நான்காம் அத்தியாயத்தில் வருகிறது. உங்கள் கணவரும் ஓடியிருப்பார், கேட்டுப் பாருங்கள்.

ரவாங் மாணவி: நானும் ஒரு அத்தியாயம் எழுதி அனுப்பலாமா?

அனுப்பும்மா. அரை மணி நேரத் தொடர் என்றாலும் விளம்பரம் போக உன் கையில் இருப்பது 22 நிமிடம். பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்று கணக்கு வைத்துக்கொள். முதல் பக்கத்திலேயே அப்பாவுக்கு ஒரு தேவை இருக்கட்டும்: தூக்கம், பால் மாவு, காரை நிறுத்த இடம், ஏதாவது சின்னதாக. ஒரு அப்பா மகனின் பிறப்பைப் பதிய எண் ஜோதிடம் பார்த்துத் தந்த பெயர் எழுத்தோடு போய் வரிசையில் நின்றபடி மாமனாரோடு போனில் சண்டை போடுவதை மட்டும் தொடாதே, அதை நான் எழுதிவிட்டேன்.