கொலுவில் பாடலாமா, ‘மீனாக்ஷி மே முதம்’?

வணக்கம் ஐயா,

திருமங்கலத்திலிருந்து எழுதுகிறேன். என் மகளுக்கு 14 வயது. பாட்டு வகுப்பில் ‘மீனாக்ஷி மே முதம் தேஹி’ பாடம் ஆகியிருக்கிறது. நவராத்திரிக்கு வீட்டுக் கொலுவில் பாடட்டும் என்று நினைத்தோம். என் மாமியார் கேட்டுவிட்டு, “ஒரே இழுவையா இருக்கு, அழுகிற மாதிரி இருக்கு, நல்ல நாள்ல வேண்டாம்” என்கிறார். இதை இயற்றிய முத்துசாமி தீட்சிதர் உயிர் பிரியும்போது பாடிய பாட்டு என்றும் யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். கீபோர்டில் மெட்ரோனோம் வைத்துப் பார்த்தேன். தாளம் தட்டுவது நிமிஷத்துக்கு 50-ல் நிற்கிறது. 70-க்கு ஏற்றிப் பாடச் சொன்னால் சரியாகுமா? இன்னொன்று, இந்தப் பாட்டு எந்தக் கட்டை, அதாவது எந்தச் சுருதி? யூட்யூபில் ஆளுக்கு ஒரு கட்டையில் பாடுகிறார்கள்.

உங்கள் வாசகி, திருமங்கலம்

அன்புள்ள சகோதரிக்கு,

தாராளமாகப் பாடட்டும். உங்கள் மாமியாரிடம் முதல் வரியின் பொருளை மட்டும் சொல்லுங்கள். ‘முதம்’ என்றால் மகிழ்ச்சி. “மீனாட்சி, எனக்கு மகிழ்ச்சியைக் கொடு” என்றுதான் பாட்டு தொடங்குகிறது. கொலுவில் உட்கார்ந்து அம்பாளிடம் கேட்பதற்கு இதைவிட வேறென்ன இருக்கிறது?

கட்டையை முதலில் முடித்துவிடுகிறேன். நம் சங்கீதத்தில் பாட்டுக்கென்று கட்டை கிடையாது, பாடுகிறவர் குரலுக்குத்தான் கட்டை. ஆண்கள் பெரும்பாலும் 1 கட்டையை ஒட்டிப் பாடுவார்கள், பெண்கள் 5, 5½ என்று வைத்துக்கொள்வார்கள். உங்கள் மகளுக்கு மேல் சட்ஜமும் (ச) கீழ்ப் பஞ்சமமும் (ப) சிரமமில்லாமல் எந்தக் கட்டையில் வருகிறதோ, அதுதான் அவள் கட்டை.

மாறாமல் இருப்பது ராகம். தீட்சிதர் வழியில் அதற்கு கமகக்ரியா என்று பெயர், இன்று பூர்விகல்யாணி என்கிறோம். பாட்டின் கடைசிப் பகுதியான சரணத்தில் ‘வீணாகான தசகமகக்ரியே’ என்று ராகத்தின் பெயரையும் சொல்லாலேயே கோத்து வைத்திருக்கிறார். கீபோர்ட் வீட்டில் இருக்கிறதே, 1 கட்டையில், அதாவது C-யைச் சட்ஜமாக வைத்து வாசித்துப் பாருங்கள். சட்ஜத்தை ஒட்டினாற்போல் அடுத்த கறுப்புக் கட்டை, அது சுத்த ரிஷபம் (ரி). அப்புறம் நடுவில் இரண்டு கட்டைகளை விட்டுவிட்டு ஒரே தாவலில் காந்தாரம் (க). உங்கள் மாமியாருக்கு அழுகை மாதிரிக் கேட்டது அந்த ரிஷபமாகத்தான் இருக்கும். அந்த ஸ்வரத்துக்கு ஒரு ஏக்கம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கேட்பவளுக்கு ஏக்கம் இல்லாமல் எப்படி இருக்கும்? மேலே ஏறும்போதும் இந்த ராகம் பெரும்பாலும் நேராக ஏறாது. தைவதம் (த) வரை போய், பஞ்சமத்துக்குத் திரும்பி வந்து, அங்கிருந்து மேல் சட்ஜத்துக்குத் தாவும். வாசல்வரை போய்த் தயங்கி நின்று பிறகு உள்ளே போகிற பிள்ளையைப் போல. எனக்கு இதில் சோகம் கேட்பதில்லை, உரிமையோடு கேட்கிற கெஞ்சல்தான் கேட்கிறது.

இனி வேகம். இதைப் பற்றி மனசாரச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது.

சின்ன வயதில் மதுரையில் வடக்கு மாசி வீதிப் பக்கம் ஒரு வீட்டு மாடியில் இந்தப் பாட்டைக் கற்றுக்கொண்டேன். வாத்தியார் முதல் மூன்று நாள் வாயையே திறக்க விடவில்லை. ஆதி தாளம், இரண்டு களை. எட்டு எண்ணிக்கையும் இரண்டிரண்டாக விழும், ஆவர்த்தனத்துக்கு, அதாவது தாளத்தின் ஒரு சுற்றுக்கு, பதினாறு. அவர் பாடுவார், நாங்கள் தாளம் மட்டும் போட வேண்டும். என் கை எப்போதும் முந்திக்கொண்டு இறங்கும். ஒருநாள் அவர் எதிரே வந்து உட்கார்ந்து, என் தொடைக்கு மேலே தன் கையை விரித்து வைத்துக்கொண்டார். நான் சீக்கிரம் தட்டினால் என் கை அவர் கையில் இடிக்கும். சரியான நேரத்தில் அவர் கையை விலக்குவார், என் கை தொடையில் விழும். அவர் கை விலகக் காத்திருந்த அந்த ஒரு நொடியில்தான் ‘மீனா...’ என்ற நீட்டலுக்குள் குரல் எவ்வளவு அசைகிறது என்று முதன்முதலாகக் கேட்டேன். அதுவரை அதை வெறும் நீட்டல் என்றே நினைத்திருந்தேன்.

உங்கள் மெட்ரோனோம் 50 என்றால், ஒரு ஆவர்த்தனம் முடிய 19 விநாடி ஆகும். கமகம், அதாவது ஸ்வரத்தின் அசைவு, வருவதற்கு அந்த இடம் வேண்டும். 70-க்கு ஏற்றினால் 14 விநாடிக்குள் முடிந்துவிடும், ஸ்வரங்கள் மட்டும் மிஞ்சும், அசைவு போய்விடும். அதைவிட முக்கியம், பாட்டின் இரண்டாம் பகுதியான அனுபல்லவியின் கடைசியில் ‘மீனலோசனி பாசமோசனி மானினி கதம்பவனவாசினி’ என்று மத்திம காலம் வருகிறதே, அங்கே தாளம் மாறாது, சொற்கள் மட்டும் இரட்டிப்பாக ஓடும். அதுவரை நிதானமாக நடந்து வந்தால்தான் அந்த ஓட்டத்தில் சந்தோஷம் தெரியும். முதலிலேயே வேகமாகப் போனால் அந்த இடத்தில் பிள்ளைக்கு மூச்சு வாங்கும், சொற்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். அதுவும் ‘கதம்பவனவாசினி’ நம் ஊர்ப் பெயர் வருகிற இடம், மதுரைக்குக் கடம்பவனம் என்றுதானே பழைய பெயர். அதை விழுங்கிப் பாடக்கூடாது.

தீட்சிதர் கதைக்கு வருகிறேன். 1835 தீபாவளியன்று எட்டயபுரத்தில் சீடர்கள் இந்தப் பாட்டைப் பாட, ‘மீனலோசனி பாசமோசனி’ என்ற இடத்தில் அவர் உயிர் பிரிந்தது என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். அது இதே மத்திம காலம்தான், பாட்டு துள்ளி ஓடுகிற இடம். பாசமோசனி என்றால் பாசக்கயிற்றை அவிழ்த்துவிடுகிறவள். எட்டயபுரத்தில் அவர் சமாதியில் நின்றபோது எனக்கு ஒப்பாரி எதுவும் நினைவுக்கு வரவில்லை. இந்த வரிதான் வேகமாக மனதுக்குள் ஓடியது.

ஒரு யோசனை. இரண்டு களையில் நிற்க மகளுக்குச் சிரமமாக இருந்தால் அவள் ஆசிரியரைக் கேட்டு ஒரு களையில் தாளம் போடட்டும். பாட்டின் நடை அப்படியே இருக்கும், கைக்கு வேலை பாதியாகும். மெட்ரோனோமை அணைத்துவிட்டு நீங்களே எதிரே உட்கார்ந்து தாளம் போடுங்கள். ‘மீனலோசனி’ வரும்போது உங்கள் கையும் ஓடப் பார்க்கும், அதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். மாமியாரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்.