காளாமுகர்னா மண்டையோட்டுல சாப்பிட்டவங்களா?

கேள்வி: வணக்கம்ணே. எங்க தோட்டத்துக் கோயில் திருவிழா மலருக்கு சைவப் பிரிவுகள் பத்தி எழுதச் சொல்லியிருக்காங்க. அதுல காளாமுகர்னு ஒரு பழைய சைவத் துறவிக் கூட்டம் வருது. எங்க தேடினாலும் அவங்க மண்டையோட்டுல சாப்பிட்டவங்க, பொணச் சாம்பல் பூசினவங்கன்னுதான் வருது. அப்படியே போட்டுடவா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: போட்றாதம்மா. அந்தப் பேச்சு எங்கேருந்து வந்துச்சுன்னு பாரு. வைணவ ஆச்சாரியர்களான யாமுனாச்சாரியாரும் அவருக்கப்புறம் ராமானுஜரும் சைவ ஆகமங்கள், அதாவது சைவ வழிபாட்டு நூல்கள், வேதத்துக்குப் புறம்புன்னு வாதாடுறப்ப சொன்னது அது. பெரிய மகான்கள்தான், ஆனா எதிர்த்து வாதாடுறவங்க சொன்னத மட்டும் வச்சு ஒரு கூட்டத்தையே எழுதினா எப்படிம்மா சரியாகும்.

கல்வெட்டு வேற மாதிரி சொல்லுது. கர்நாடகாவுல பள்ளிகாவினு ஒரு ஊரு, அங்க காளாமுகர் மடம் ஒண்ணு இருந்துச்சு, கேதாரேஸ்வரர் கோயிலும் அவங்க பொறுப்புதான். 1162ஆம் வருஷத்துக் கல்வெட்டுல அந்த மடத்துல நாலு வேதம், பாணினியோட சமஸ்கிருத இலக்கணம், தரிசனங்கள்னு சொல்ற தத்துவங்கள் எல்லாம் படிச்சாங்க, கண்ணு தெரியாதவங்க கால் முடியாதவங்களுக்குச் சாப்பாடு போட்டாங்க, நோயாளிக்கு மருந்து குடுத்தாங்கன்னு இருக்கு. நம்ம புதுக்கோட்டை பக்கம் கொடும்பாளூர்லயும் பூதி விக்கிரமகேசரிங்கற இருக்குவேள் குலத்துச் சிற்றரசர் மல்லிகார்ஜுனர்ங்கற காளாமுகருக்குப் பெரிய மடம் கட்டிக் குடுத்து, 50 துறவிங்க சாப்பாட்டுக்கு 11 ஊரையும் எழுதி வச்சிருக்கார். தானம் குடுத்தவங்க கல்வெட்டு, புகழ்ந்துதான் பேசும், அதையும் கணக்குல வச்சுக்க.

அதுக்காக மண்டையோட்டையே மறைச்சிடாத. கையில கபாலம் ஏந்தினவங்க காபாலிகர், அவங்க வேற, ரெண்டு பேரையும் பல பேர் போட்டுக் கொழப்பிடுறாங்க. அப்பர் சுவாமிகள் திருவாரூர் ஆதிரைத் திருநாளைப் பாடுறப்ப பக்தர்கள், பெண்களோட வெண்தலை மாலை, அதான் மண்டையோட்டு மாலை, போட்ட விரதிகள்ங்கற துறவிங்களும் சாமி கூட வர்றத சொல்றார், ஒரு வார்த்தை அருவருப்பா இல்ல, கண்ணுல பட்டத அப்படியே சந்தோஷமா பாடுறார்.

நம்ம முனியாண்டிக்குச் சுருட்டும் சாராயமும் வைக்கறதப் பாத்துட்டு எவனோ பேய் கும்புடுறாங்கன்னு எழுதிட்டுப் போனா, தோட்டத்துல ஆள் கணக்கு எடுக்கற பெரட்டுக்குப் போறதுக்கு முன்னால இருட்டுலயே வந்து சூடம் கொளுத்திட்டு பால்மரம் (ரப்பர் மரம்) சீவப் போன நம்ம பாட்டிங்க அதுல எங்கம்மா இருக்காங்க? எனக்கு வயிறு எரியுது.

அதனால எதிர்த்தவங்க சொன்னது இது, கல்வெட்டு சொல்றது இதுன்னு பேர் போட்டு தனித்தனியா எழுது. மலர்ல இடம் பத்தலன்னா கமிட்டிகிட்ட இன்னும் அரைப் பக்கம் கேளு.