பாலத்தை வெட்டியது யார்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

எட்டு மாதமாக மூன்று நண்பர்களுக்கு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நடத்துகிறேன். ஆளுக்கொரு கேரக்டராகப் பேசி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் மேஜை விளையாட்டு அது. ஒருவரின் கேரக்டர், காணாமல்போன தம்பியைத் தேடும் அக்கா. இன்னொருவர் பறிபோன குடும்ப நிலத்தை மீட்கக் கிளம்பியவர். மூன்றாமவருக்கு மந்திரவாதிகளின் சங்கத்தில் எப்படியாவது சேர்ந்துவிட வேண்டும். ஆட்டம் சப்பென்று போகிறதே என்று சென்ற முறை நிறையச் சிக்கல்கள் வைத்தேன்: புயல், உடைந்த பாலம், வழிப்பறிக் கூட்டம். மூன்று மணிநேரம் ஓடியது. எல்லாவற்றையும் ஜெயித்தார்கள், ஆனால் யார் முகத்திலும் களை இல்லை. கிளம்பும்போது ஒருவர், "அப்போ என் தம்பியை எப்பத்தான் தேடப்போறோம்?" என்று கேட்டுவிட்டார். எங்கே தவறினேன்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

எட்டு மாதம் கழித்தும் தம்பியை மறக்காத ஒருவர் உங்கள் மேஜையில் இருக்கிறார். ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டருக்கு இதைவிடப் பெரிய கொடுப்பினை என்ன இருக்கிறது? அந்தக் கேள்வியைக் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்கு வேண்டிய பதிலை அவரே சொல்லிவிட்டார்.

நீங்கள் வைத்த மூன்றும் தடைகள். தடை வழியை மறிக்கும், தாண்டினால் முடிந்தது. சிக்கல் வேறு. பிளேயர் எதை விரும்புகிறாரோ அதில் வந்து கைவைப்பதுதான் சிக்கல். புயல் யாருக்கும் அடிக்கும். தம்பியைத் தேடுகிறவளுக்கு மட்டும் வலிக்கிற ஒன்று உங்கள் புயலில் இல்லை.

1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸைக் கொண்டுவந்தபோதே, பகடை உருட்டி வரவழைக்கும் அலைந்து திரியும் அரக்கர்கள் இருந்தார்கள். ஆனால் அந்த அரக்கனுக்கு அங்கே ஒரு வேலை இருந்தது. அன்றைய ஆட்டத்தில், கேரக்டரை வளர்க்கும் அனுபவப் புள்ளிகளில் பெரும்பகுதி புதையலிலிருந்து வந்தது. திரியும் அரக்கனிடம் பெரிதாகப் புதையல் இராது. அவனோடு சண்டை போட்டால் ரத்தமும் நேரமும்தான் போகும். பிளேயரின் ஆசை புதையல், அரக்கன் அதையே தொட்டான். இன்று நம் பிளேயர்கள் தம்பியைத் தேடுகிறார்கள், நிலத்தை மீட்கிறார்கள். நாம் மட்டும் அதே அரக்கனை அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

சரி, உங்கள் வழிப்பறிக் கூட்டத்தையே எடுத்துக்கொள்வோம். அவர்களில் ஒருவன் போர்த்தியிருக்கும் சால்வை, அக்கா தன் கையால் தம்பிக்குப் பின்னிக் கொடுத்தது. இவ்வளவு போதும், வாளை உருவியவள் அப்படியே நின்றுவிடுவாள். அவனை உயிரோடு பிடித்தாக வேண்டும். இப்போது இன்னொரு இழையைச் சேருங்கள். அவர்கள் கொள்ளையடித்தது ஒரு வணிகரை. நிலத்தை மீட்க நினைப்பவருக்கு அந்த வணிகரின் சாட்சி தேவை. வணிகர் கேட்பது ஒன்றுதான், ஒருத்தனையும் விடக்கூடாது. சால்வைக்காரனோ, என்னை விட்டால்தான் வாய் திறப்பேன் என்கிறான்.

இதற்கு மேல் நீங்கள் பேசவே வேண்டாம். இரண்டு பிளேயர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள், அப்புறம் பேச ஆரம்பிப்பார்கள். அந்தப் பேச்சுக்காகத்தான் நாம் மேஜையைச் சுற்றி உட்காருகிறோம் என்று நான் நம்புகிறேன். ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். இதற்குச் சரியான விடை இதுதான் என்று முன்கூட்டியே தீர்மானித்து வைக்காதீர்கள். தீர்மானித்துவிட்டால், அவர்கள் அதைக் கண்டுபிடிக்கும்வரை காத்திருப்பீர்கள். அது மறுபடியும் தடைதான். மூன்றாமவரின் சங்கத்தையும் இதே காட்சிக்குள் திணிக்க வேண்டாம். ஒரு காட்சிக்கு இரண்டு ஆசைகள் தாராளம்.

பகடையும் இதற்கு உதவும். 2010-ல் வந்த அபோகலிப்ஸ் வேர்ல்ட் என்ற இதே வகை ஆட்டத்தில் இரண்டு ஆறுமுகப் பகடைகளை உருட்டிக் கூட்டுவார்கள். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் நினைத்தது நடக்கும். 7 முதல் 9 வரை என்றால் நடக்கும், ஆனால் ஏதோ ஒரு விலையோடு. கேரக்டரின் திறமைக்காகச் சேர்க்கும், குறைக்கும் எண்களை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால், 36 வாய்ப்புகளில் 15 இந்த நடு வட்டத்தில் விழுகின்றன. முழு வெற்றிக்கு 6 மட்டுமே. அந்த விலையை எங்கிருந்து எடுப்பது? பூட்டு திறக்கிறது, சத்தம் கேட்டுக் காவலாள் வருகிறான் என்று எல்லோரும் சொல்வோம். அதற்குப் பதிலாக இப்படிப் பாருங்கள்: பூட்டு திறக்கிறது, ஆனால் கம்பி உள்ளேயே முறிந்துவிட்டது. நாளைக் காலை இந்த அறைக்கு வரப்போகிறவர், நிலப் பத்திரத்தில் கையெழுத்துப் போடவேண்டிய அதிகாரி. உங்கள் ஆட்டத்தின் இருபதுமுகப் பகடைக்கும் இதைத் தாராளமாகக் கொண்டுவரலாம்.

இன்னொன்று, நான் பட்டுக் கற்றது. பல வருடங்களுக்கு முன் என் மேஜையில் ஒருவர் தன் கேரக்டரின் அம்மாவைப் பற்றி அன்பாக இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்தார். ஆசையைத் தொடவேண்டும் என்ற ஆர்வத்தில், இரண்டாம் ஆட்டத்திலேயே அந்த அம்மாவைக் கொன்றேன். அடுத்த கதைக்கு அவர் கொண்டுவந்த கேரக்டருக்கு அம்மா இல்லை, அப்பா இல்லை, ஊரே இல்லை. அவரைக் குறைசொல்ல என்னிடம் ஒரு வார்த்தைகூட இல்லை. நேசிப்பதை எல்லாம் பறித்தால், நேசிக்கவே மாட்டார்கள். தம்பியைக் கொல்லாதீர்கள். அவன் திரும்பி வர மறுக்கட்டும், அல்லது அக்காவின் எதிரியிடம் நன்றிக்கடன் பட்டிருக்கட்டும்.

வருகிற ஆபத்தை முன்பே காட்டிவிடுவதும் முக்கியம். 2017-ல் வெளியான பிளேட்ஸ் இன் த டார்க் என்ற ஆட்டத்தில் ஒரு வட்டம் வரைந்து நாலு, ஆறு அல்லது எட்டுத் துண்டுகளாகப் பிரிப்பார்கள். ஆபத்து நெருங்க நெருங்கத் துண்டுகளை நிரப்புவார்கள். 'தம்பியைக் கப்பலில் ஏற்றுகிறார்கள்' என்று ஆறு துண்டு வட்டம் ஒன்றை மேஜை நடுவில் வைத்துப் பாருங்கள். இரண்டு துண்டு நிரம்பியதும் யாரும் சந்தையில் நின்று பேரம் பேச மாட்டார்கள்.

அப்புறம், அந்தப் பாலம். அது எப்படி உடைந்தது என்று நீங்கள் இன்னும் அவர்களுக்குச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். அப்படியானால் அடுத்த ஆட்டத்தை அங்கிருந்தே தொடங்குங்கள். கயிறு அறுந்த இடம் கருகியிருக்கிறது. மந்திரத்தால் வெட்டியிருக்கிறார்கள். சங்கத்தில் சேரத் துடிப்பவருக்கு மட்டும் அந்தக் கருகல் அடையாளம் தெரியும், சங்கத்துக்குள் இருப்பவர்களுக்கு மட்டுமே கற்றுத்தரும் மந்திரம் அது. இதை மற்ற இருவரிடம் சொல்வதா வேண்டாமா என்பதை அவரிடமே விட்டுவிடுங்கள். அவர் என்ன செய்தார் என்று எனக்குக் கட்டாயம் எழுதுங்கள்.

அன்புடன்