பொத்தான் யார் கையில்?

அன்புள்ள ஐயா,

நான் ஒரு வங்கிக் கிளையில் அதிகாரி. மாதக் கடைசியில் இன்சூரன்ஸ் டார்கெட் கழுத்தை நெரிக்கிறது. டெபாசிட் புதுப்பிக்க வரும் பெரியவரிடம் பாலிசி படிவத்தை நீட்டும்போது கை கூசுகிறது. பக்கத்து சீட் நண்பருக்கும் அதே டார்கெட்தான். அவர் நிம்மதியாக வீட்டுக்குப் போகிறார், எனக்கு ராத்திரி தூக்கம் வருவதில்லை. சமீபத்தில் ஒரு பயிற்சி வகுப்பில், “எல்லாம் உங்கள் மனதில்தான், கட்டுப்பாடு உங்கள் கையில்” என்றார்கள். அப்படியானால் கோளாறு என்னிடம்தானா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இல்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பயிற்சியாளர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. நமக்கு நடப்பவை நம் செயலால் நடக்கின்றன என்று நம்புகிறவர்கள் உண்டு. விதி, அதிர்ஷ்டம், மேலிடத்தின் தயவு என்று நம்புகிறவர்களும் உண்டு. அமெரிக்க உளவியலாளர் ஜூலியன் ராட்டர் 1966-ல் இந்த வேறுபாட்டை அளக்க ஒரு வினாத்தாளே வெளியிட்டார். முதல் வகையினர் நெருக்கடி வந்தால் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதில்லை, ஏதாவது செய்யப் பார்ப்பார்கள். உங்கள் நண்பர் அந்த ரகமாக இருக்கலாம்.

மீதிப் பாதிக்கு வருகிறேன். டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் என்ற இருவர் 1960-களின் கடைசியில் நடத்திய சோதனை ஒன்று. ஸ்பானிஷ் பேச்சு, ஆர்மீனியப் பேச்சு, தட்டச்சு, நகலெடுக்கும் இயந்திரம் எல்லாவற்றையும் கலந்து, காதைப் பிளக்கும் சத்தமாக்கி ஆட்களைக் கேட்கவைத்தார்கள். சிலருக்கு மட்டும் ஒரு பொத்தான்: தாங்க முடியாவிட்டால் அழுத்தலாம், சத்தம் நின்றுவிடும், ஆனால் அழுத்தாமல் இருந்தால் நல்லது என்றார்கள். பெரும்பாலோர் அழுத்தவில்லை. பிறகு விடையே இல்லாத புதிர்களைக் கொடுத்தபோது பொத்தான் இருந்தவர்கள் விடாமல் முயன்றார்கள். இல்லாதவர்கள் சீக்கிரமே கைவிட்டார்கள். இரு தரப்பும் கேட்டது ஒரே சத்தம்.

நினைத்தால் நிறுத்தலாம் என்ற நம்பிக்கைதான் அவர்களைக் காப்பாற்றியது, உண்மை. ஆனால் அந்த நம்பிக்கையைத் தர ஒருவர் பொத்தானைக் கையில் கொடுத்தாரே! உங்கள் வகுப்பில் பொத்தானைத் தராமல் நம்பிக்கையை மட்டும் கேட்கிறார்கள். எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

லண்டன் அரசு ஊழியர்கள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை 1985 முதல் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது மைக்கேல் மார்மட் தலைமையிலான ஆய்வு. தன் வேலையை எப்படிச் செய்வது என்பதில் சொல்லதிகாரம் குறைவாக இருந்தவர்களுக்கு இதய நோய் ஆபத்து கூடுதலாக இருந்தது. இதை மனப்பாங்கு என்று ஒதுக்கிவிட முடியாது. வேலையை வகுத்தவர்களின் பொறுப்பு அது.

எதுவுமே தன் வசம் இல்லாத வேலையில் ‘எல்லாம் என் கையில்’ என்று நம்புகிறவர், தோற்கும்போது பழியையும் தன் தலையிலேயே போட்டுக்கொள்வார். உங்கள் கடிதத்தின் கடைசிக் கேள்வியில் அதைத்தான் பார்க்கிறேன்.

டார்கெட் எண் உங்கள் வசம் இல்லை. ஆனால் யாரிடம் படிவத்தை நீட்டக் கூடாது என்பது ஓரளவு உங்கள் வசம்தான். மேலாளரிடம் உட்கார்ந்து பேசுங்கள்: “மொத்த எண் இருக்கட்டும் சார், டெபாசிட்டுக்கு வரும் வயதானவர்களை விட்டுவிடுகிறேன். சம்பளக் கணக்கு வைத்திருப்பவர்களிடம் நானே போய்ப் பேசுகிறேன்.” மறுத்தால் அதையே எழுத்தில் கொடுங்கள், சங்கத்துக்கும் கொண்டுபோங்கள். தூக்கமின்மை நீடித்தால் மருத்துவரைப் பார்க்கத் தயங்காதீர்கள்.

அடுத்த வகுப்பில் எழுந்து ஒன்று கேளுங்கள்: டார்கெட்டை முடிவு செய்யும் கூட்டத்தில் எங்களைப் போன்ற கிளை ஊழியர் ஒருவராவது இருக்கிறாரா? என்ன பதில் வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்.